இத யாரு தேச்சா?

போன மாதம் அம்மையின் கண்ணைக் காட்டத் திருவனந்தபுரம் போயிருந்தோம். எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். நாகர்கோவிலில் கண் டாக்டருக்குப் பஞ்சம் இல்லை, ஆனாலும் நோய் கொஞ்சம் பெரிது என்று தோன்றினால் எங்கள் பக்கத்து ஆட்களின் கால் தானாகக் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிவிடும். 1956 நவம்பர் 1இல் நாங்கள் பழைய திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, கால் மட்டும் இன்னும் சேரவில்லை.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்து, டாக்டர் பார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டு. ரிப்போர்ட் மூன்று மணிக்குத்தான் என்றார்கள். அந்த வெயிலில் அம்மையால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நடந்தாள். எங்காவது நிழலில் உட்கார வைக்கலாம் என்று மியூசியம் வளாகத்துக்கு ஆட்டோ பிடித்தேன். மரத்தடி பெஞ்சுகளில் எல்லாம் ஜோடிகள். சரி, படம் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று டிக்கெட் எடுத்தேன். கலை ஆர்வம் எல்லாம் ஒன்றும் கிடையாது.

மருந்து விட்ட கண்ணுக்குப் படம் எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. முகம் தெரியவில்லை என்றாள், சேலைக் கரை தெரியவில்லை என்றாள், எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. வெளிச்சம் பட்டு மின்னுகிற இடம் மட்டும் தெரிந்திருக்கிறது. ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். பெரிய வீட்டு அறை, தரையில் ஒரு பெண், பக்கத்தில் பித்தளைப் பாத்திரம். அதன் வயிற்றில் ஓவியர் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறார், அவ்வளவுதான், அந்த ஒரு பொட்டில் மொத்தப் பாத்திரமும் ஜொலிக்கிறது.

“இத யாரு தேச்சா மக்ளே? கண்ணு கூசுது.”

“அது பெயிண்டாக்கும் அம்மா.”

“பெயிண்டுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொம்பளைக்க கையப் பாரு. அது பாத்திரம் தேச்ச கையா?”

முகம் தெரியாத கண்ணுக்குக் கை மட்டும் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதற்குக் காரணம் என் பாட்டி. அம்மையின் அம்மை. பத்மநாபபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனவள். தினமும் இல்லை, விசேஷத்துக்கு முன்னாலும் பின்னாலும். ஓணம், கல்யாணம், சாவு எது வந்தாலும் உருளி, வார்ப்பு, கிண்டி, நிலவிளக்கு, தூக்குவிளக்கு எல்லாம் பின்முற்றத்தில் வந்து குவியும். சின்னப் பெண்ணாக இருந்த அம்மையும் கூடப் போயிருக்கிறாள். கிணற்றடியில் உட்கார்ந்து, பழம்புளியை ஊறவைத்துப் பிசைந்து, அடுப்புச் சாம்பலைச் சலித்து, தேங்காய் நார்க் கதம்பையை மடக்கிப் பிடித்து, முதலில் புளி, பிறகு சாம்பல், பிறகு தண்ணீர். உருளிக்குத் தோள் வலிக்கும், விளக்குக்கு விரல் வலிக்கும், திரி வைக்கும் மூக்கில் பிடித்திருக்கும் எண்ணெய்ச் சிக்கு ஈர்க்குச்சியால் குத்தினால்தான் போகும்.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசம் கோளாம்பிதான். வெற்றிலை எச்சில் துப்புகிற பித்தளைச் சாமான். விரிந்த வாய், ஒடுங்கிய கழுத்து, பருத்த வயிறு. கழுத்துக்குள் பாட்டியின் கை நுழையாது, அம்மையின் கைதான் நுழையும். ஏழு வயதுக் கை. உள்ளே காய்ந்து ஒட்டிய வெற்றிலைச் சாறு, புகையிலைக் கட்டை, அதன் நாற்றம். அம்மை இன்றைக்கும் வெற்றிலை போடுகிறவர்கள் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார மாட்டாள். நான் இவ்வளவு நாள் அதை ஏதோ சுத்தக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேய்த்து முடித்ததை வெயிலில் கவிழ்த்து வைத்து, காய்ந்த துணியால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பித்தளையில் புள்ளி விழும். துடைத்ததைத் திண்ணையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். உள்ளே எடுத்துப் போக வேறு ஒரு பெண் வருவாள், எடுப்பதற்கு முன் பாத்திரங்கள் மேல் தண்ணீர் தெளிப்பாள். எங்கள் கை பட்ட தீட்டு அதில்தான் போக வேண்டும். பாட்டிக்கு அதில் இருந்த ஒரே குறை, துடைத்து வைத்ததில் மறுபடியும் புள்ளி விழுகிறதே என்பது. “இந்தக் கிறுக்கி கெடுத்துப் போட்டாளே” என்று வரும் வழியெல்லாம் புலம்புவாளாம். அவமானமாக இல்லையா என்று அம்மையிடம் கேட்டேன். “புள்ளி விழுந்தா நல்லா தேய்க்கலன்னு சொல்லி நெல்லக் கொறச்சுப் போடுவா, அதாக்கும் விசனம்” என்றாள்.

இதைக் கேட்ட பிறகு அறைகளை வரைந்த படங்களைப் பார்க்கிற என் கண் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது. ராத்திரி உட்கார்ந்து போனில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். மனிதர்களை விட்டுவிட்டுச் சாமான்களை மட்டும்.

முதலில் நம்ம ஊர்க்காரர். ரவி வர்மா 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். எண்ணெய்ச் சாயத்தை அவருக்குச் சொல்லிக் கொடுக்க அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அந்த எண்ணெய்ச் சாயம்தான் இங்கே விஷயம். அதில்தான் பட்டு பட்டாகவும் பித்தளை பித்தளையாகவும் மின்னும். சுவரில் பச்சிலைச் சாயத்தில் வரைந்த பழைய படங்களில் விளக்கு என்றால் விளக்கின் உருவம், அவ்வளவுதான். எண்ணெய்ச் சாயம் வந்த பிறகு அது இந்த வீட்டு விளக்கு, இன்றைக்குக் காலையில் யாரோ தேய்த்த விளக்கு.

அவருடைய பெண்கள் நகைக்காகவும் புடவைக்காகவும் பேர் போனவர்கள். எனக்கு இப்போது கண்ணில் படுவது வேறு. 1893இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ படத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள், மாடல் அவருடைய சொந்த மகள் மகாபிரபா. காலடியில் ஒரு நாய். தாய்வழியில் குடும்பமும் சொத்தும் போகும் மருமக்கத்தாய வீடுகளில் அப்பா என்பவர் பெரும்பாலும் வந்து போகிற ஆள், படத்தின் தலைப்போ அவர் வருவதைக் குடும்பமே காத்திருந்து கொண்டாடுகிறது, அது தனிக் கதை. நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் நாய் இருந்தது. அது வாழைக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்குள் தரையில் நாய் படுக்கலாம் என்றால், அந்தத் தரையைத் துடைக்க வேறு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். 1902இல் அவர் வரைந்த, சாய்ந்து படுத்திருக்கும் நாயர் பெண்ணின் படத்தில் அவளுக்கு முன்னால் விரித்து வைத்த புத்தகம். பின்னால் ஒரு பணிப்பெண். புத்தகத்தை ஒருத்தி படிக்கலாம், இன்னொருத்தி அந்த அறையில் நிற்கலாம். யாருடைய முகத்தில் வெளிச்சம், யாருடையதில் நிழல் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாதிரிப் படங்களில் சாமான்களைப் பார்த்து இவர்கள் பணக்காரர்கள் என்று சொல்வது லேசு. தங்கம், பட்டு, பெரிய நிலைக்கண்ணாடி, யாருக்கும் தெரியும். ஆனால் திருவிதாங்கூரில் ஒரு பொருள் ஒருத்தர் வீட்டில் இருப்பதற்குக் காசு மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். எங்கள் ஆட்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை போடக் கூடாது, மாடி வைத்த வீடு கட்டக் கூடாது, பசுவைக் கறக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. பெண்கள் மாராப்பு போடக் கூடாது என்பதும், அதற்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும் எல்லோருக்கும் தெரியும். 1859 ஜூலையில்தான் மார்பை மூடலாம் என்று ராஜா அறிவிப்பு விட்டார், அப்போது ரவி வர்மாவுக்கு வயது 11. அந்தப் பட்டியலில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது.

இதைப் படித்ததும் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். இடுப்பில் குடம் வைத்த பெண்ணை எத்தனை காலண்டரில் பார்த்திருப்போம்! ஆற்றங்கரை, ஈரப் புடவை, இடுப்பில் குடம், அரைப்புன்னகை. அழகுக்காக வைத்த குடம் என்றுதான் நினைத்திருந்தேன். கொள்ளுப்பாட்டியின் பாட்டி காலத்தில் அப்படி நடந்து போயிருந்தால் குடத்தை உடைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் அம்மை நீல பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் இடித்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு வாளியோடு, யாரையாவது திட்டியபடி வருவாள். அதை யாரும் வரையவில்லை. வரைந்தால் அந்த நீல பிளாஸ்டிக்கில் எங்கே வெள்ளைப் பொட்டு வைப்பது என்று ஓவியருக்கும் கஷ்டம்தான்.

வெளிநாட்டுப் படங்களில் அனுமதிக் கணக்கைவிடக் காசுக் கணக்குதான் முன்னால் நிற்கிறது என்று எனக்குப் பட்டது. யான் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதியர் படம், லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பது, அதில் ஜன்னல் ஓரத்தில் சும்மா கிடக்கிற மாதிரி சில ஆரஞ்சுப் பழங்கள். அந்தக் குளிர் ஊரில் ஆரஞ்சு தெற்கிலிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு. சும்மா கிடக்கவில்லை, எங்கள் வீட்டில் ஆரஞ்சு சும்மா கிடக்கும் என்று சொல்கிறது. மேலே பித்தளைச் சரவிளக்கு, ஒவ்வொரு வளைவிலும் மினுக்கம். அம்மைக்குக் காட்டியிருந்தால் எத்தனை நாள் வேலை என்று கணக்குப் போட்டிருப்பாள். டச்சுக்காரர்கள் துருக்கிக் கம்பளத்தைத் தரையில் போடாமல் மேஜைமேல் விரித்து வைத்திருப்பார்கள், மிதிக்க மனசு வராத விலை. இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிவிக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டவர்கள் நாங்கள், ரிமோட்டுக்குப் பாலித்தீன் கவர் வேறு. ஷோகேஸில் இருக்கும் கண்ணாடி டின்னர் செட்டில் இன்றுவரை யாரும் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

அப்புறம் வெர்மீர். ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊர்க்காரர். ‘பால் ஊற்றும் பெண்’ என்கிற அந்தப் படத்தை 1650களின் கடைசியில் வரைந்திருக்கிறார், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த படம், ஆனால் அரை மீட்டர் உயரம்கூட இல்லை. மியூசியம் இணையத்தில் போட்டிருப்பதை அரிசி மணி அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம், நான் பார்த்தேன், ராத்திரி ஒரு மணி வரை.

ஒரு வேலைக்காரப் பெண் மண்குடுவையிலிருந்து ஒரு பாத்திரத்தில் பாலை ஊற்றுகிறாள். மேஜையில் ரொட்டி. சுவர் வெள்ளையடித்த வெறும் சுவர், அதில் ஆணிகள், ஆணி பிடுங்கின ஓட்டைகள், ஜன்னலில் ஒரு கண்ணாடித் துண்டு உடைந்திருக்கிறது. எஜமானர் உட்காரும் அறையில் உடைந்த கண்ணாடியை மாற்றியிருப்பார்கள், அடுக்களை என்றால் அது பாட்டுக்குக் கிடக்கும், எந்த நாடானாலும் அப்படித்தான் போல. தரையில் மரப்பெட்டி ஒன்று, மேல்பலகையில் ஓட்டைகள், உள்ளே கனல் போட்ட மண்சட்டி. குளிரில் காலை அதன்மேல் வைத்துக்கொள்ள. ஜன்னல் பக்கம் சுவரில் ஒரு கூடை, அதோடு ஒரு பித்தளை வாளி. மின்னுகிறது. நான் உடனே கையைத் தேடினேன். அவள் சட்டைக் கையை மேலே ஏற்றி விட்டிருக்கிறாள். மேலே முழங்கை வெளுப்பு, கீழே மணிக்கட்டும் விரலும் சிவந்து கறுத்திருக்கின்றன. வெயிலும் தண்ணீரும் பட்ட கை. நான் பார்த்தவரை, பளபளக்கும் பித்தளையும் அதைத் தேய்த்த கையும் ஒரே படத்தில் இருப்பது இதில்தான்.

மறுநாள் அம்மைக்குக் காட்டினேன், கண் தெளிந்துவிட்டது. வாளியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். “இவளாக்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாலு கொஞ்சமாட்டு ஊத்துதா, சிந்தினா இவளுக்கில்லியா ஏச்சு” என்றாள். அந்த மெல்லிய பால் தாரையைப் பற்றி எத்தனையோ பேர் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், அம்மை சொன்னது எனக்குப் போதும்.

அந்தப் பெண்ணின் நீல ஏப்ரனுக்கு வெர்மீர் போட்ட நீலம் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டியெடுக்கும் லாபிஸ் கல்லை அரைத்துச் செய்த நீலம். அந்தக் காலத்தில் அதைவிட விலை கூடிய சாயம் அதிகம் கிடையாது. வேலைக்காரியின் ஏப்ரனுக்கு அது. ஏன் என்று எனக்குள் பல பதில் ஓடியது, எதையும் எழுதப் போவதில்லை, அந்த ஆள் காசில் கெட்டிக்காரர் இல்லை என்பது மட்டும் உறுதி. 2022இல் மியூசியம்காரர்கள் நவீனக் கருவி வைத்து அந்தப் படத்தின் அடியில் பார்த்தபோது, அவளுக்குப் பின்னால் சுவரில் குடுவைகள் தொங்கும் ஒரு மரத்தட்டும், கீழே கனல் வைக்கும் ஒரு கூடையும் முதலில் வரைந்திருந்தது தெரிந்தது. வரைந்துவிட்டு, பிறகு அவரே மூடிவிட்டார். சுவரைச் சுவராக விட்டுவிட்டார். சாமான் குறையக் குறைய அவள் தெரிகிறாள்.

வான்கோவிடம் மினுக்கமே இல்லை. ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ 1885. ஐந்து பேர், ஒரு மேஜை, நடுவில் ஒரே தட்டில் கிழங்கு, மேலே தொங்கும் ஒரு எண்ணெய் விளக்கு. கிழங்கு எடுக்கிற கைதான் மண்ணைத் தோண்டின கை என்று காட்டத்தான் இதை வரைந்தேன் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். தோல் உரிக்காத, மண் ஒட்டின கிழங்கின் நிறத்திலேயே முகங்களையும் வரைந்தார். எங்கள் பக்கம் அதே காலத்தில்தான் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, திருவிதாங்கூரில் பரப்பிக்கொண்டிருந்தார், 1885இலேயே இறந்தும் போனார். பஞ்ச காலத்தில் எங்கள் ஆட்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்குதான். ஒரு சட்டி கிழங்கு, கொஞ்சம் மீன்குழம்பு, இல்லாவிட்டால் காந்தாரி மிளகாய் இடித்தது, சுற்றி உட்கார்ந்து கையை விட்டு எடுப்பது. ரவி வர்மாவின் படம் எதிலும் நான் மரச்சீனியைப் பார்த்ததில்லை. மாம்பழம் உண்டு.

வான்கோவின் இரண்டு நாற்காலிகளைச் சொல்லாமல் விட முடியாது. 1888இல், தன் நாற்காலி ஒன்று, நண்பர் கோகானுடையது ஒன்று என்று தனித்தனியாக வரைந்தார். தன்னுடையது வைக்கோல் முடைந்த, கை வைக்காத சாதா நாற்காலி, மேலே பைப்பும் புகையிலையும், செங்கல் நிறத் தரை. கோகானுடையது கை வைத்த நாற்காலி, மேலே எரியும் மெழுகுவத்தியும் புத்தகங்களும், தரையில் கம்பளம். இரண்டிலும் ஆள் இல்லை. எங்கள் ஊரில் இதைச் சொல்ல நாற்காலி இரண்டு தேவையில்லை, ஒன்று போதும். பெரிய வீட்டு முன்திண்ணையில் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி கிடக்கும், காலை நீட்டி வைத்துக்கொள்ள நீளமான கைச்சட்டம். எங்கள் பாட்டா முப்பது வருஷம் அந்த வீட்டுத் தென்னையில் ஏறியவர், அந்த நாற்காலியை ஒரு தடவை துடைத்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை.

போன ஞாயிறு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷம், கடைசியாகப் போனது ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில். இருப்பது தமிழ்நாட்டு மண்ணில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று தரையின் செய்முறையைக் கைடு ஒப்பிப்பார், நூற்றாண்டுகள் ஆகியும் அந்தக் கறுப்புத் தரையில் முகம் தெரிகிறது. சாப்பாடு போடும் ஊட்டுப்புரையில் ஊறுகாய் போட்ட பெரிய பரணிகள், அம்மையைப் போட்டு மூடலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தக் காலம், எந்த நாடு, என்ன மரம் என்று சொல்ல ஆள் உண்டு. நான் ஒரு கோளாம்பியைத் தேடிக்கொண்டு திரிந்தேன். கழுத்தின் அகலம் பார்க்க.

படங்களைப் பற்றிச் சொல்லும்போது படமே ஒரு வீட்டுச் சாமான் என்பதை மறந்துவிடுகிறோம். எண்ணெய்ச் சித்திரம் அரண்மனைக்கு. 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் கல்லச்சில் போட்டுத் தள்ளினார், அது கடைக்காரர், உத்தியோகஸ்தர் வீட்டுக்கு. பிறகு அச்சகம் கைமாறி, படங்கள் தீப்பெட்டியிலும் காலண்டரிலும் வந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்தன. 1936 நவம்பரில் எல்லா சாதிக்கும் கோயிலைத் திறந்துவிடும் வரை எங்கள் ஆட்கள் சாமியைப் பக்கத்தில் பார்த்தது கோயிலில் இல்லை, காகிதத்தில்தான். பாட்டி வீட்டு மண்சுவரில் இருந்த லட்சுமி ஒரு மளிகைக் கடைக் காலண்டர். தேதித் தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டுவிட்டார்கள், கீழே கடையின் பெயரில் பாதி சட்டத்துக்குள் மறைந்தும் மறையாமலும் இருக்கும். வீட்டிலேயே கண்ணாடி போட்ட ஒரே பொருள். வாரத்துக்கு ஒருமுறை பாட்டி அதைத் துடைப்பாள். அவளுக்காக அவள் துடைத்தது அது ஒன்றுதான் என்று எழுத நினைத்தேன், ஆனால் சரியில்லை, இன்னொன்றும் இருந்தது.

அதற்கு முன் வெர்மீர் கதையை முடித்துவிடுகிறேன். 1675இல் கடனோடு செத்துப்போனார், பதினொரு பிள்ளைகள். ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் 617 கில்டர் பாக்கி, அதற்கு ஈடாக இரண்டு படங்களை அவர் மனைவி கொடுத்தார். மறுவருஷம் பிப்ரவரி 29இல் ஆள் வந்து வீட்டிலிருந்த சாமான்களை அறை அறையாக எழுதிக்கொண்டு போனார்கள். நாற்காலி எத்தனை, படம் எத்தனை, துணி எத்தனை என்று. வெள்ளை ரோமக் கரை வைத்த ஒரு மஞ்சள் சட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு, அவர் படங்களில் சீமாட்டிகள் போட்டுக்கொண்டிருக்கும் அதே மாதிரி. படத்தில் பார்த்து யாரோ பணக்கார வீட்டுச் சட்டை என்று நினைத்தது, கடன்காரர் வீட்டில் கொக்கியில் தொங்கியிருக்கிறது. இதைப் படித்தபோதுதான் எனக்குச் செம்பு ஞாபகம் வந்தது.

பாட்டியிடம் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. பெரிய வீட்டில் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் பத்து நாள் தேய்த்ததற்கு, நெல்லுக்குப் பதிலாகக் கொடுத்தார்களாம். அடியில் சின்னதாக ஒரு நெளிவு, அதனால் கொடுத்திருக்கலாம். பாட்டி அதை எதற்கும் எடுக்க மாட்டாள். இரண்டு தடவை பணயம் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தது. கழுத்தில் புள்ளிப் புள்ளியாக ஏதோ எழுத்து வெட்டியிருக்கும், மலையாள எழுத்து. பாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது, அம்மை படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அது பாட்டிக்கு அவர்கள் வைத்த வாழ்த்து என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. நான் திருவனந்தபுரத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தபோது பஸ் போர்டைப் பார்த்தே மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டவன், ஆனால் செம்பை எடுத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

பரணில் ஏறித் தேடினால் கறுத்துப்போய்க் கிடக்கிறது, உள்ளே முழுக்க ஆணியும் நட்டும் ஒரு பழைய பூட்டும். அம்மை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் புளி டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் இருக்கிறதே என்றேன், கேட்கவில்லை, எங்கிருந்தோ ஒரு கதம்பைத் துண்டைத் தேடி எடுத்தாள். சாம்பலுக்கு எங்கே போக, அடுப்பெல்லாம் கேஸ். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். அரை மணி நேரம். பிறகு காய்ந்த துணியால் துடைத்து என் கையில் தந்தாள்.

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ‘17’. அவ்வளவுதான். வாழ்த்து எதுவும் இல்லை.

சொன்னேன். அம்மை செம்பைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள், புள்ளி ஏதும் விழுந்திருக்கிறதா என்று.

“அப்பம் பாக்கி பதினாறும் யாருக்க வீட்டுல கெடக்கோ” என்றாள்.